மேலப்பாளையமும் மூணு கட்டு பீடியும்

திருநெல்வேலிக்குப் போகிறேன் என்று ஆபீஸில் வாயைத் திறந்ததுதான் தாமதம்... ஆளுக்கு அரைக் கிலோ அல்வா என்று ஆர்டர் குவிந்துவிட்டது. (பணம்? அது 'வந்ததும் தர்றேன் சார்!') ஒரே ஒருவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கீழே வேலை பார்க்கிற ஆறு பேரில் அவர்தான் இளையவர். இருபத்தாறு வயசு.

அவர் கேட்காததற்குக் காரணம் உண்டு. போன மாசம் அவர் தங்கைக்கு நிச்சயதார்த்தம். லீவு லெட்டர் கொடுத்தார். கையெழுத்துப் போட எனக்கு நாலு விநாடி போதும். நாலு நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். ஆடிட்டா, அவசர வேலையா? அதெல்லாம் இல்லை. முந்தின வாரம் மீட்டிங்கில் நான் சொன்ன ஒரு கணக்கை, "இல்லை சார், அது போன வருஷத்து ஃபிகர்" என்று எல்லார் முன்னாலும் திருத்திவிட்டார். திருத்தினது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்!

அஞ்சாவது நாள் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் ரயிலில் இடமில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போய், தட்டு மாற்றி முடிந்தபிறகு போய்ச் சேர்ந்தாராம். திரும்பி வந்து, "தேங்க்ஸ் சார்" என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றுமில்லாத முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ரெண்டு ராத்திரி புரண்டேன். மூணாம் நாள் ஞாபகம் வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால், மேலப்பாளையத்தில்!

பாளையங்கோட்டையில் நண்பர் வீட்டுக் கல்யாணம் திங்கட்கிழமை. செவ்வாய் எனக்குச் சும்மா. காலையில் ஜங்ஷனில் ஒரு காபி குடித்துவிட்டு, நடந்தே கிளம்பினேன்.

*

ஜங்ஷனிலிருந்து மேலப்பாளையம் போக, முதலில் தாமிரபரணியைத் தாண்ட வேண்டும். தாண்டுவதற்குப் பாலம் போட்டவர் ஒரு ஆபீஸ்காரர். நம்ம ஜாதி!

சுலோசன முதலியார் பாலம். 1843-ல் திறந்தார்கள். முதலியார் கலெக்டராபீஸில் சிரஸ்தார். அந்தக் காலத்தில் அக்கரைக்கும் இக்கரைக்கும் படகுதான். படகுத்துறையில் எப்போதும் தள்ளுமுள்ளு. தாம்ஸன் என்ற கலெக்டர் பாலம் வேண்டும் என்று கூட்டம் போட்டார். மொத்தச் செலவு சுமார் 50,000 ரூபாய். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தபோது முதலியார் தன் சொந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் பதினோரு வளைவுகள். இன்றைக்கும் பஸ்ஸும் லாரியும் ஆட்டோவும் அதன்மேல்தான் உறுமிக்கொண்டு போகின்றன.

சிரஸ்தார் என்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கலெக்டர் வெள்ளைக்காரர். இன்று வருவார், நாளை மாற்றலாகிப் போவார். ஃபைல் எது மேலே போகும், எது கீழே தூங்கும் என்பது சிரஸ்தார் கையில். ஊரையே படகுத்துறையில் காக்க வைக்கிற அதிகாரம் இருந்த ஒருவர், ஊரைக் காக்க வைக்காமல் இருக்கக் கைக்காசைப் போட்டார். பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு, என் மேஜையில் நாலு நாள் கிடந்த லீவு லெட்டரை நினைத்துப் பார்த்தேன். காற்று ஜோராக அடித்தது. எனக்கு வியர்த்தது.

பாலம் இறங்கினால் கொக்கிரகுளம். கலெக்டராபீஸ். இந்த ஆற்றங்கரைக்கு அதிகாரம் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும்.

1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்த வ.உ.சிதம்பரம் பிள்ளையை 1908 மார்ச் 12-ந் தேதி கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். அப்போது தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்த ஆஷ், பிறகு இந்த ஜில்லாவுக்கே கலெக்டராக வந்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஸ்டேஷனில், ரயில் பெட்டிக்குள் மனைவியோடு உட்கார்ந்திருந்தபோது வாஞ்சிநாதன் சுட்டார். சுட்டவரும் அதே இடத்தில் தன்னைச் சுட்டுக்கொண்டார். சிறையில் வ.உ.சி. செக்கிழுத்தது நமக்குத் தெரியும். அதிகாரம் போட்ட கணக்கில் கடைசியில் எந்தப் பக்கமும் லாபம் எழுத முடியவில்லை.

அது வெள்ளைக்காரன் காலம் என்று விட்டுவிடலாம். 1999 ஜூலை 23 நம் காலம். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வும், சிறையில் கிடந்தவர்களுக்கு விடுதலையும் கேட்டு, ஊர்வலம் ஒன்று கலெக்டரிடம் மனு கொடுக்க இதே சாலையில் வந்தது. மனுதான். ஒரு காகிதம்! கலெக்டராபீஸ் கிட்டே தடியடி. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் ஆறு. ஆற்றுக்குள் ஓடினார்கள். பதினேழு பேர் செத்துப்போனார்கள். அதில் ரெண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. நீதிபதி மோகன் கமிஷன் விசாரித்தது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் ஆற்றங்கரையில் வந்து பூப் போடுகிறார்கள்.

நான் போனபோது அந்த இடத்தில் ஒருவர் துண்டை அலசிக்கொண்டிருந்தார். ஆறு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அதிக நேரம் நிற்கவில்லை. பெரிய ஆட்களின் பெரிய அதிகாரத்தைத் திட்டுவது ரொம்பச் சுலபம். நான் தேடி வந்தது அது இல்லை. என்னுடையது இன்னும் ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

*

குறிச்சி தாண்டியதுமே மேலப்பாளையம் வந்துவிட்டது என்பதை மூக்கு சொல்லும். செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை! பக்ரீத் நெருங்கினால் இங்கே கால் வைக்க இடமிருக்காது. சாதாரண வாரத்திலேயே ஆடும் ஆளும் இடித்துக்கொண்டு போகிறார்கள், மன்னிப்புக் கேட்காமல்.

சந்தையில் பார்க்க வேண்டியது ஆடு இல்லை, தரகர். விற்கிறவர் கையையும் வாங்குகிறவர் கையையும் தோள் துண்டுக்குள் சேர்த்து, விரலைப் பிடித்தே விலை பேசுகிற பழைய வித்தை இன்னும் சில பெரியவர்களிடம் இருக்கிறது. வாய் ஊர்க்கதை பேசும். விரல் நூறு, ஐந்நூறு என்று பேசும். சுற்றி நிற்கிற நாம் 'பே' என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு ஒரு சந்தேகம்... மீட்டிங் நடத்துகிற நம்ம மேனேஜர்கள் எல்லாரும் இங்கேதான் டிரெய்னிங் எடுத்திருப்பார்களோ? பேசுவது ஒன்று, முடிவாவது துண்டுக்குள்!

சந்தையைத் தாண்டி உள்ளே போனால் ஊர். பாளையங்கால்வாய் ஊரை ஒட்டி ஓடுகிறது. பள்ளிவாசல் மினாராக்கள். மேலப்பாளையம் தனி நகராட்சியாக இருந்த ஊர். 1994-ல் திருநெல்வேலி மாநகராட்சி வந்தபோது அதில் சேர்ந்தது. ஒரு காலத்தில் தறி ஊர். காலையில் தெருவுக்குள் நுழைந்தால் 'டக்... டக்...' சத்தத்தில்தான் பேச வேண்டும். தெருவை அடைத்துப் பாவு நீட்டியிருப்பார்கள். சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். தறி ஓயத் தொடங்கிய வீடுகளில் சுளகு ஏறியது. சத்தமில்லாத தொழில். பீடி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இலை மத்தியப் பிரதேசம், ஒரிசாப் பக்கக் காடுகளிலிருந்து வரும். கம்பெனியின் கிளைக் கடையில் இலையையும் தூளையும் நிறுத்துக் கொடுப்பார்கள். பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டுவார்கள். மடியில் சுளகு, காலை நீட்டி உட்கார்ந்தால் பகல் முழுக்க அதே உட்காரல்தான். இருபத்தஞ்சு பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. கை வேகமுள்ளவருக்கே ஆயிரம் சுற்ற விடிந்தது முதல் இருட்டும்வரை ஆகும். முதுகு வலி, இருமல் எல்லாம் இலவச இணைப்பு.

பொண்ணு பார்க்க வருகிறவர்கள், "பாட்டு வருமா?" என்று கேட்பதற்கு முன்னால், "பீடி சுத்துமா, பாஸ்புக் இருக்கா?" என்று கேட்ட வீடுகள் இந்த வட்டாரத்தில் உண்டு. பாஸ்புக் என்றால் பேங்க் பாஸ்புக் இல்லை. கம்பெனி கொடுக்கிற பீடி பாஸ்புக்.

டெல்லியில் இவர்களுக்காக யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று அதில் எழுதினார்கள். 1976-ல் நல நிதி. 1977-ல் பி.எஃப். வந்தது. 'வீட்டில் சுற்றுகிறவர்களுக்கெல்லாம் கிடையாது' என்று முதலாளிகள் கோர்ட்டுக்குப் போக, 1985-ல் சுப்ரீம் கோர்ட், 'அவர்களுக்கும் உண்டு' என்று தீர்ப்புச் சொன்னது. அதில் கோர்ட் சொன்ன காரணம் ஒன்று முக்கியமானது. சுற்றிக் கொண்டுவந்த பீடியை, 'இது ஆகாது' என்று தள்ளுகிற உரிமை முதலாளி கையில் இருக்கிறதே, அதுவே அவர் முதலாளி என்பதற்குச் சாட்சி!

அந்தத் தள்ளுகிற கை இருக்கிறதே... அது கொஞ்ச நாள் என் கை.

*

டிகிரி முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், வீட்டில் தண்டச்சோறு பட்டம் வாங்கிக்கொண்டிருந்த காலம். ஒரு பீடிக் கம்பெனியின் கிளைக் கடையில் செக்கர் வேலை கிடைத்தது. கம்பெனி பேர் வேண்டாம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இந்தக் கதை அப்படியேதான் இருக்கும்.

சாயங்காலம் கடைக்கு முன்னால் வரிசை நிற்கும். பெரியவர்கள் அதிகம் வர மாட்டார்கள். பிள்ளைகள்தான் கட்டுகளைத் துணியில் பொதிந்து கொண்டுவரும். ஒரு கட்டைக் கையில் எடுத்து, அமுக்கிப் பார்த்து, ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்து, 'சரி' அல்லது 'கழிவு'. கழிவு என்றால் அந்தக் கட்டுக்குக் கூலி கிடையாது. அதில் போன இலைக்கும் தூளுக்கும் அவர்கள்தான் பொறுப்பு.

முதல் வாரம் நான் கழிவே எடுக்கவில்லை. கணக்குப்பிள்ளை கூப்பிட்டார்.

"ஏல தம்பி, நீ என்ன தர்மப் பிரபுவா? தினமும் ஆளுக்கு ஒரு கட்டாவது ஒதுக்கணும், கேட்டியா?"

"நல்லாத்தான் சுத்தியிருக்காங்க அண்ணாச்சி."

"நல்லா இருக்கா இல்லையாங்கறதா விஷயம்? நீ ஒதுக்கலைன்னா எவன் உன்ன மதிப்பான்?"

ஒதுக்கின கட்டுகள் எங்கே போகும் என்று ரெண்டாவது வாரம் பார்த்தேன். ராத்திரி, நல்ல கட்டுகள் போன அதே சாக்கில் போயின. கழிவு என்று ஒன்றும் இல்லை. கூலி கொடுக்காத பீடி, அவ்வளவுதான். பார்த்தேன், புரிந்தது, வாயை மூடிக்கொண்டேன். மாசம் பிறந்தால் சம்பளம் வேண்டுமே!

இதுவரை சொன்னது கம்பெனியின் பாவம். சம்பளத்துக்காகச் செய்தேன் என்று தப்பித்துவிடலாம். இனிமேல் சொல்லப்போவது என் சொந்தக் கணக்கு.

ஒரு மாசத்தில் எனக்கு அது பிடித்துவிட்டது சார். அதுதான் உண்மை. வீட்டில் அப்பா மதிக்கவில்லை. டீக்கடையில் கடன் சொன்னால் முறைப்பார்கள். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மரப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தால், அறுபது எழுபது பேர் என் விரலையே பார்ப்பார்கள். 'தம்பி' என்று கூப்பிட்டவர்கள் 'சார்' என்றார்கள். கட்டைக் கையில் எடுத்து, வேண்டுமென்றே கொஞ்ச நேரம் வைத்திருப்பேன். எதிரே நிற்கிற பிள்ளை மூச்சு விடாது. அந்த ரெண்டு விநாடி... அதில் ஒரு போதை உண்டு. பீடியில் இல்லாத போதை!

எட்டு வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தை. தினமும் தன் உம்மா சுற்றியதைக் கொண்டுவரும். ஒருநாள் ரெண்டு கட்டை ஒதுக்கினேன். மறுநாள் அந்த அம்மாவே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டார். ஒதுக்கின கட்டிலிருந்து ஒரு பீடியை எடுத்து, ஒதுக்காத கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, ரெண்டையும் என் முன்னால் வைத்தார்.

"இதுல எது கழிவு, எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க, தம்பி. அடுத்த தடவ அதுக்குத் தக்கன சுத்துதேன்."

எனக்குத் தெரியவில்லை. வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த நாளிலிருந்து அந்தக் குழந்தை வந்தால் மூணு கட்டு. பார்ப்பதே இல்லை. மூணு கட்டு, எடுத்து ஓரமாகப் போடுவேன். மூணு கட்டு என்றால் எழுபத்தஞ்சு பீடி. ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. முதல் நாள் அழுதது. ரெண்டாம் நாள் "உம்மா ஏசும் சார்" என்றது. மூணாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே, மூணு கட்டைத் தானே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத்தை என் பக்கம் தள்ளியது. முகத்தில் ஒன்றுமே இல்லை.

ஆமாம், அந்த முகம்தான்.

நான் திருந்திவிட்டேன், கழிவு எடுப்பதை நிறுத்திவிட்டேன் என்றெல்லாம் எழுத ஆசை. நடக்கவில்லை. ஒன்றரை மாசத்தில் மெட்ராஸில் வேலை கிடைத்தது. போய்விட்டேன். அந்த மூணு கட்டை எனக்குப் பின்னால் வந்த செக்கர் குறைத்தாரா, நாலாக்கினாரா... தெரியாது.

*

கிளைக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. பையன் ஒருவன் போனைப் பிளந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். அதே மாதிரி ஒரு பெட்டிக்குப் பின்னால்.

தெருவைக் கண்டுபிடித்துவிட்டேன். வீட்டைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. தளம் போட்ட வீடுகளாக மாறிவிட்டன. ஒரு வாசல்படியில் வயசான அம்மா ஒருவர் சுளகோடு உட்கார்ந்திருந்தார். கண் என்னைப் பார்த்தது. விரல் அது பாட்டுக்குச் சுற்றியது.

"யாரு வேணும்?"

அடையாளம் சொன்னேன்.

"அவளா? அவ மௌத்தாகி ஏழெட்டு வருசம் இருக்கும்லா."

"அந்தப் பிள்ளை?"

"ஏழாப்போட நிப்பாட்டிட்டாவ. அதுவும் சுத்துச்சு. இப்பம் கடையநல்லூர்ல கட்டிக் குடுத்திருக்கு. நீங்க யாரு, இன்சூரன்ஸா?"

சொன்னேன். நான் அந்தக் கடையில் செக்கராக இருந்தவன் என்று சொன்னேன். திட்டுவார், குறைந்தபட்சம் முகத்தையாவது திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். முப்பது வருஷமாக என் மனசில் நான் பெரிய வில்லன் இல்லையா!

அந்த அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நெனவில்லையே" என்றார்.

"தினமும் கழிவு எடுப்பேன் பெரியம்மா. அநியாயமா எடுத்திருக்கேன்."

"எல்லாரும்தான் எடுத்தானுவ. எத்தனையோ பேரு வந்தானுவ, போனானுவ. யார யாரைன்னு நெனவுல வச்சுக்கிட? கழிவு எடுக்காத செக்கர்னு ஒருத்தன் இருந்திருந்தா மறந்திருக்க மாட்டோம்."

கோபமே இல்லாமல் சொன்னார். மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்கிற மாதிரி.

நூற்று எண்பது வருஷமாக ஒரு சிரஸ்தார் பேரை ஊர் சொல்கிறது. என் பேர், நான் அழவைத்த தெருவிலேயே இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்தவனுக்கு, கேட்க ஆளும் இல்லை. கேட்கிற அளவுக்கு நான் ஆளும் இல்லை!

எழுந்தேன். அந்த அம்மா, "டீ குடிக்கியளா?" என்றார். வேண்டாம் என்றேன். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து டம்ளர் வந்துவிட்டது. மேலப்பாளையத்தில், 'வேண்டாம்' என்பதற்கு 'கொஞ்சம் சர்க்கரை தூக்கலா' என்று அர்த்தம் போலிருக்கிறது.

"இப்பம் எங்க வேல?"

"சென்னையில, ஆபீஸ்ல."

"பெரிய வேலயா?"

"அப்படி ஒண்ணுமில்ல பெரியம்மா. எனக்குக் கீழ ஆறு பேரு இருக்காங்க."

சுற்றிக்கொண்டிருந்த விரல் முதல் தடவையாக நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆறு பேரா? பாத்துக்கிடுங்க, தம்பி."

பாலம் தாண்டி, அல்வாக் கடை வரிசையில் நிற்கும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 'பாத்துக்கிடுங்க' என்றால் திருநெல்வேலியில் ரெண்டு அர்த்தம். அவர்களை நல்லபடியாகக் கவனித்துக்கொள் என்று ஒன்று. ஜாக்கிரதையாக இரு என்று ஒன்று.

எது என்று திரும்பிப் போய்க் கேட்கவில்லை. ஆறு அரைக் கிலோ வாங்கினேன். கேட்காதவருக்கும் சேர்த்து.